படுத்தால் காலுக்குள் பூரான் ஊர்கிறது, இதற்கு லேசர் ஆபரேஷனா?

கேள்வி: எனக்கு 44 வயது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் உட்கார்ந்து செய்யும் வேலை. இரண்டு வருடமாக ராத்திரி படுத்தால் இரண்டு ஆடுசதைக்குள்ளும் பூரான் ஊர்வது போல ஒரு குடைச்சல். வலி என்று சொல்ல முடியாது, ஆனால் காலை வைத்த இடத்தில் வைக்க முடியவில்லை. எழுந்து மொட்டை மாடியில் நடந்தால் நின்றுவிடுகிறது, படுத்தால் திரும்ப வருகிறது. தூங்க இரண்டு மணி ஆகிறது. என் அம்மாவும் இப்படித்தான் ராத்திரியெல்லாம் சுவரில் காலை உதைத்துக்கொண்டிருப்பார். தெரிந்தவர் ஒருவர் இலவச நரம்பு முகாமுக்குக் கூட்டிப்போனார். ஸ்கேன் பார்த்துவிட்டு, நரம்பு சுருண்டிருக்கிறது, இரண்டு காலுக்கும் லேசர் செய்ய 70,000 ரூபாய் ஆகும் என்றார்கள். 5,000 முன்பணம் கொடுத்துவிட்டேன், ரசீது தரவில்லை. ரத்தம் 12.2 இருக்கிறது, குறையில்லை என்றார்கள். மாதவிலக்கு எனக்கு எப்போதும் அதிகமாகத்தான் போகும். ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

பதில்: தேதி குறித்திருந்தால் முதலில் அதைத் தள்ளிப்போடுங்கள் அம்மா. இந்தக் குடைச்சலுக்கு அந்த லேசர் மருந்தில்லை.

இதில் பாதிக் குழப்பம் நம் தமிழாலேயே வருகிறது. காலில் நீலமாகப் புடைத்துத் தெரியும் ரத்தக்குழாயையும் நரம்பு என்கிறோம். மூளையிலிருந்து கால்வரை சேதி கொண்டுபோகும் கம்பி போன்றதையும் நரம்பு என்கிறோம். போதாக்குறைக்கு, மனது சரியில்லாதவரை "நரம்புத் தளர்ச்சி" என்கிறோம். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு முகாம் நடத்துபவர்கள் நன்றாகவே பிழைக்கிறார்கள். நீங்கள் "கால் நரம்பு இழுக்குது" என்று சொன்னீர்கள். அவர்கள் ரத்தக்குழாயை ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேனில் பொய் இருக்க வேண்டியதில்லை. வருடக்கணக்கில் உட்கார்ந்தோ நின்றோ வேலை செய்தவர்கள் நூறு பேரை வரிசையில் நிறுத்தி எடுத்தால் பலருக்கும் ஏதோ ஒரு குழாயில் வால்வு கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். ஸ்கேனில் ஒன்று தெரிந்துவிட்டது என்பதற்காக உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று ஆகிவிடாது.

இரண்டையும் பிரித்துப் பார்க்க மெஷின் வேண்டாம். ரத்தக்குழாய் சுருண்டவருக்கு நாளெல்லாம் நின்றால் சாயங்காலம் கால் கனத்து உளையும், கணுக்கால் வீங்கும். படுத்து, காலுக்கடியில் ஒரு தலையணையை வைத்தால் சுகம். உங்களுக்கு நேர் எதிர். படுத்தால்தான் தொல்லை, நடந்தால் சுகம். எந்த நேரத்தில் வருகிறது, என்ன செய்தால் போகிறது என்ற இரண்டு கேள்வியை யாராவது கேட்டிருந்தால் ஸ்கேன் அறைக்கே நீங்கள் போயிருக்க வேண்டாம். யார் கேட்கிறார்கள்? எங்கள் தொழிலில் ஆளுக்கு இரண்டு நிமிடம். அதில் ஒன்றரை நிமிடம் பழைய சீட்டைப் புரட்டுவதில் போய்விடுகிறது. (சுருண்ட குழாயால் காலில் புண் வந்தவர்கள், ரத்தம் கசிந்தவர்கள் இதைப் படித்துவிட்டு லேசர் வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். உங்களுக்கு அது தேவைதான்.)

உங்களுக்கு இருப்பதன் பெயர் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம். நம் ஊரில் கால் குடைச்சல் என்று சொன்னால் போதும். 1672-லேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் எழுதிவைத்துவிட்டார். 1945-ல் எக்போம் என்ற சுவீடன்காரர் விரிவாக எழுதிப் பெயரும் கொடுத்தார். இத்தனை காலமாகியும் இன்னும் இதை "மனப்பிராந்தி" என்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். காலை அசைத்தே ஆகவேண்டும் என்ற உந்துதல், ஓய்வில் அதிகம், அசைத்தால் குறைவு, ராத்திரியில் அதிகம். நான்கும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. வேறு நோய் இப்படி வேஷம் போடவில்லை என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். சதை கட்டியாகிப் பிடித்துக்கொண்டால் அது தசைப்பிடிப்பு. உள்ளங்கால் எரிச்சலும் மரத்துப்போவதும் பகலிலும் இருந்து, நடந்தாலும் குறையாவிட்டால் சர்க்கரையால் வரும் நரம்புச் சேதத்தைத் தேட வேண்டும். அம்மாவுக்கும் இருந்தது என்கிறீர்களே, இது குடும்பத்தில் ஓடக்கூடியது.

தொல்லை காலில் தெரிந்தாலும் கோளாறு மூளையில். அங்கே இரும்புச் சத்து குறைந்தால் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலை தடுமாறுகிறது, அந்தத் தடுமாற்றம் ராத்திரியில் கூடுகிறது. இதற்கு மேல் நுணுக்கம் உங்களுக்கு வேண்டாம். இரும்பு என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

"ரத்தம் 12.2 இருக்கே" என்பீர்கள். அடுத்த பொறி அதுதான். 12.2 என்பது ஹீமோகுளோபின். லீ பஜார் மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவில் ஓடும் வண்டிகளில் மூட்டை இருக்கிறதா என்று பார்ப்பது ஹீமோகுளோபின். குடோனில் எவ்வளவு இருப்பு என்று பார்ப்பது ஃபெரிட்டின். குடோன் காலியாகும்வரை வண்டிகள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கடைசியில்தான் வண்டி குறையும். மாதாமாதம் அதிகமாக ரத்தம் போகிற உங்களுக்குக் குடோன் எப்படி இருக்கும் என்று நான் பார்க்காமலே ஊகிப்பேன். ஆனாலும் பார்க்க வேண்டும். சீட்டில் "சீரம் ஃபெரிட்டின்", "டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன்" (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கிற புரதம் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பது) என்று எழுதிக் கேளுங்கள். எழுபது எண்பது பரிசோதனை என்று நோட்டீஸ் ஒட்டுகிற முழு உடல் பேக்கேஜில் இது இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பலமுறை எனக்கு வருகிற கத்தையில் வேண்டாததெல்லாம் இருக்கும், இது இருக்காது. தனியாக எடுத்தால் சில நூறு ரூபாய்தான். காலையில் வெறும் வயிற்றில் எடுங்கள். இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர் இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும்.

ரிப்போர்ட் வந்ததும் லேப்காரர் "எல்லாம் நார்மல்" என்பார். பெண்களுக்குப் பத்து, பதினைந்திலிருந்தே நார்மல் என்று அச்சடித்திருப்பார்கள். உங்கள் எண் 22 என்று வந்தால் அதற்குத் தடித்த எழுத்துகூட இருக்காது. கால் குடைச்சல் உள்ளவருக்குக் கணக்கே வேறு. 75 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இரும்பு கொடுக்க வேண்டும். இந்த ஒரு எண்ணைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

இங்கே ஒரு விலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஏமாந்தவர்கள் அதிகம். ஊரில் கலவரம் என்றால் மண்டிக்காரர் என்ன செய்வார்? சரக்கையெல்லாம் உள்ளே தள்ளிக் கதவைப் பூட்டுவார். குடோனை எட்டிப் பார்த்தால் நிறைந்திருக்கும், கடையில் ஒரு படி அரிசி கிடைக்காது. உடம்பும் அப்படித்தான். காய்ச்சல், சீழ்க்கட்டி, மூட்டு வீக்கம் போன்ற அழற்சி இருக்கும்போது கிருமிக்குக் கிடைக்கக் கூடாது என்று இரும்பை உள்ளே பூட்டிவைக்கும். அப்போது ஃபெரிட்டின் எண் ஏறிக்காட்டும். ஏற்காட்டிலிருந்து வந்த ஓர் அம்மா, காபித் தோட்டத்தில் பழம் பறிப்பவர். மூன்று வருடம் "குளிர் வாதம்" என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒருவழியாக எடுத்த ஃபெரிட்டின் 140. இரும்பு போதும் என்று அனுப்பிவிட்டார்கள். அவருக்கு அந்த வாரம் கடைவாய்ப் பல் சீழ் பிடித்துத் தாடை வீங்கியிருந்தது. அதை யாரும் எழுதவில்லை. பல்லைப் பிடுங்கி இரண்டு மாதம் கழித்துத் திரும்ப எடுத்தேன். 31. அதனால், உடம்பு சரியில்லாத வாரத்தில் எடுக்காதீர்கள். மூட்டுவாதம் போல நாள்பட்ட அழற்சி உள்ளவர் காத்திருந்தும் பயனில்லை, அவர்கள் அந்த டிரான்ஸ்ஃபெரின் எண்ணைப் பார்க்க வேண்டும். 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் ஃபெரிட்டின் என்ன சொன்னாலும் இரும்பு குறைவுதான்.

சரி, குறைவு என்று வந்தால்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் சிவப்பு மாத்திரையிலேயே 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தாராளமாக அதையே சாப்பிடலாம். தினம் ஒன்று, வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள். வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட. காபி, டீ, பால் அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது வேண்டாம். கால்சியம் மாத்திரையைச் சேர்த்து விழுங்கவே கூடாது. அது இரும்பை உள்ளே போகவிடாது. இரண்டையும் ஒரே சீட்டில் "காலை 1" என்று எழுதிக்கொடுப்பவர்கள் என் சக மருத்துவர்கள்தான், அதை வேறு யாரிடம் போய்ச் சொல்வது! வருடக்கணக்கில் தின்கிற கேஸ் மாத்திரையும் இரும்பு சேர்வதைக் குறைக்கும். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்ப ஃபெரிட்டின் பாருங்கள். ஒரே வாரத்தில் கால் அடங்காது.

மாத்திரை ஒத்துவராவிட்டால், அல்லது எண் 75-க்கும் 100-க்கும் நடுவில் நின்றால், இரும்பை ஊசியாக ஏற்றலாம். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்பது மருந்தின் பெயர். மருத்துவமனையில் கண்காணிப்பில்தான் ஏற்ற வேண்டும், பலன் தெரிய சில வாரம் பிடிக்கும். "சத்து டிரிப்" என்று தெருமுனையில் ஏற்றுவது இதுவல்ல. அது மஞ்சளாக இருந்தால் வெறும் பி காம்ப்ளெக்ஸ். இரும்பு மருந்து காபி டிக்காஷன் நிறத்தில் இருக்கும்.

குடோனை நிரப்பும்போது கீழே ஓட்டையையும் அடைக்க வேண்டும். மகப்பேறு மருத்துவரைப் பார்த்து மாதவிலக்கைச் சரிசெய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் நான் எழுதிய அத்தனையும் வீண்.

இன்னொன்று, மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்குகிற மாத்திரைகள். சளிக்கும் அரிப்புக்கும் தருகிற, தூக்கம் வரவைக்கும் வகை (ஃபெனிரமைன், குளோர்ஃபெனிரமைன்), வாந்திக்குத் தருகிற மெட்டோகுளோப்ரமைடு, தலைச்சுற்றலுக்குத் தருகிற புரோகுளோர்பெரசின், இவையெல்லாம் குடைச்சலைக் கிளப்பிவிடும். தூக்கம் வரட்டும் என்று போட்டுக்கொண்டு விடிய விடிய நடந்தவர்களை எனக்குத் தெரியும். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் கூட்டும். ஆனால் அதை நீங்களாக நிறுத்தக் கூடாது, எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

இரும்பு ஏறியும் அடங்காவிட்டால் கபாபென்டின் அல்லது பிரிகாபலின் சாயங்காலத்தில் கொடுப்போம். தலை கிறுகிறுக்கலாம், அதனால் சின்ன அளவில் ஆரம்பம். முன்பெல்லாம் பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் என்ற மாத்திரைகளைத்தான் முதலில் கொடுத்தோம். முதல் ராத்திரியே மந்திரம் போட்டது போல நிற்கும். மாதங்கள் போகப் போக ஒன்பது மணிக்கு வந்தது ஐந்து மணிக்கே வரும், கைக்கும் ஏறும், மாத்திரையைக் கூட்டக் கூட்ட நோயும் கூடும். அதனால்தான் 2025-ல் வந்த அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் வழிகாட்டி, இவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பழைய சீட்டை வைத்து இன்றும் கடையில் கொடுக்கிறார்கள். ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

அதுவரை ராத்திரியை ஓட்ட வேண்டுமே. மத்தியானத்துக்கு மேல் காபி வேண்டாம். ஏற்காடு மலைக்குக் கீழே இருந்துகொண்டு இதைச் சொன்னால் கோபம் வரும், தெரியும். படுக்கும் முன் வெந்நீரில் காலை வைத்து, ஆடுசதையை நன்றாகப் பிடித்துவிடச் சொல்லுங்கள். டிவி முன்னால் சும்மா உட்கார்ந்தால் அதிகமாகும். கையும் கவனமும் சேர்ந்து போகிற வேலை இருந்தால் குறையும். சென்னைக்கு ராத்திரி பஸ்ஸில் போவதானால் நடைபாதை ஓர சீட்டாகக் கேளுங்கள், முடிந்தால் ரயிலில் போங்கள், எழுந்து நடக்கவாவது இடம் இருக்கும். வீட்டுக்காரரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள், இது பாசாங்கு இல்லை என்று ஒரு டாக்டர் எழுதியிருக்கிறார் என்று.

முகாமுக்குக் கூட்டிப்போன "தெரிந்தவர்" நாளைக்குத் திரும்ப போன் செய்வார். "அக்கா, இந்த வாரம் மட்டும்தான் இந்த ரேட்டு" என்பார். "விட்டால் காலை எடுக்க வேண்டிவரும்" என்றும் சொல்வார். கால் குடைச்சலால் யாருக்கும் காலை எடுத்ததில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் பேசித்தான் இவர்களை அனுப்புகிறார்கள், சிலர் கார் வைத்தும் கூட்டிப்போகிறார்கள். அவரிடம் வாதம் செய்ய வேண்டாம். ஃபெரிட்டின் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். அப்படியென்றால் என்ன என்று அவர் கேட்பார். ஸ்கேன் ரிப்போர்ட்டையும் படத்தையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அது உங்களுடையது. முன்பணத்தைத் தனியாகப் போய்க் கேட்காமல் வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ரசீது இல்லாததால் கை விரிப்பார்கள். போனில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவை அழித்துவிடாதீர்கள்.