தொங்கும் கதவு, கடகடக்கும் கதவு: பழைய லாரிக்காரர்களுக்கு ஒரு டிங்கரின் பதில்கள்

நாமக்கல் பக்கம் பாடி கட்டும் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, அப்புறம் டிங்கராகி, இப்போது சொந்தமாக ஒரு சின்னக் கொட்டகை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பழைய வண்டிக் கதவு பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். டாடா 407, பழைய லேலண்ட், பொலிரோ பிக்கப், எதுவானாலும் சங்கதி ஒன்றுதான். புதுக் கதவு வாங்கும் பேச்சே இங்கே கிடையாது.

கேள்வி: 407, இருபது வருடத்துக்கு மேல் ஓடிய வண்டி. டிரைவர் பக்கக் கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் சாத்த முடிகிறது. கிளீனர் பக்கம் ஒரு குறையும் இல்லை. ஏன் அண்ணே?

ஏறும்போது கைப்பிடிக் கம்பியை விட்டுவிட்டுக் கதவைப் பிடித்துத் தொங்கி ஏறுகிறீர்கள், அதனால்தான். கதவு தன் எடையைத் தாங்கத்தான் கீல் வைத்திருக்கிறான், உங்கள் எடையையும் சேர்த்துத் தாங்க இல்லை. ஒரு நாளைக்கு இருபது முறை ஏறி இறங்கினால் வருடக் கணக்கில் என்ன ஆகும், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஆட்டம் எங்கே என்று பாருங்கள், இதற்கு ஐந்து நிமிடம் போதும். கதவைப் பாதி திறந்து, பின் ஓரத்தைக் கீழிருந்து மெதுவாகத் தூக்கித் தூக்கி விடுங்கள். அதே நேரத்தில் இன்னொருவர் மேல் கீலின் மேல் விரலை வைத்துப் பார்க்கட்டும். கீலின் இரண்டு பாதிகளும் ஒன்றுக்கொன்று நகர்ந்தால் பின்னோ (இரண்டு பாதியையும் கோக்கிற ஆணி) புஷ்ஷோ (அந்த ஆணி சுற்றுகிற குழல்) தேய்ந்திருக்கிறது. கீல் முழுசாகப் பில்லரை (கதவு மாட்டியிருக்கும் கேபின் தூண்) விட்டு அசைந்தால் போல்ட் லூஸ். போல்ட் இறுக்கமாக இருந்தும் பில்லர் தகடே மூச்சு விடுவது போல உள்ளே வெளியே போனால் தகட்டில் விரிசல். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. பெரும்பாலும் மேல் கீல்தான் முதலில் போகும், ஏனென்றால் கதவு தொங்கும்போது மேல் கீல் இழுபடுகிறது, கீழ்க் கீல் பில்லரோடு அழுந்தி நிற்கிறது.

கேள்வி: பின் தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. இந்த மாடலுக்குக் கடையில் பின் கிடைக்கவில்லை. போல்ட் போட்டு ஓட்டலாமா?

ஓட்டலாம், நானே நிறையப் போட்டிருக்கிறேன். ஆனால் கையில் கிடைத்த போல்டைச் செருகக் கூடாது. மரை இல்லாத வழவழப்பான தண்டு எவ்வளவு நீளம் என்று பாருங்கள். கீலின் கண்ணுக்குள் (பின் போகிற ஓட்டை) அந்தத் தண்டு மட்டும்தான் இருக்க வேண்டும், மரை முழுக்க வெளியே நிற்க வேண்டும். மரை உள்ளே இருந்தால் அது அரம் மாதிரி கண்ணை ராவிவிடும், மூன்று மாதத்தில் பழைய கதைதான். தலையில் 8.8 என்று அடித்திருக்கும் ஹைடென்சில் போல்டாக, தேவையைவிட நீளமாக வாங்கி, மிச்ச மரையை அறுத்துவிடுங்கள். தலை மேலே வரும்படி மேலிருந்து கீழே செருகுங்கள், நாளைக்கு நட்டு கழன்று விழுந்தாலும் போல்ட் இருந்த இடத்திலேயே இருக்கும். உள்ளே நைலான் வளையம் உள்ள லாக் நட்டுப் போட்டு, கதவு தடையில்லாமல் ஆடும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். முறுக்கி இறுக்கினால் கண் நசுங்கும், கதவு திறக்கவே கனக்கும்.

கண்ணே முட்டை வடிவமாகிவிட்டால் வெறும் பின் மாற்றி லாபமில்லை. கீலைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். ஓட்டையை 2 மி.மீ. பெரிதாக்கி, 1 மி.மீ. கனத்தில் கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) புஷ் கடைந்து இறுக்கமாக ஏற்றித் தருவார்கள். அரை நாள் வேலை, செலவு சில நூறு ரூபாய்க்குள் முடியும். கழற்றும்போது ஒரே நேரத்தில் இரண்டு கீலையும் கழற்றாதீர்கள். கதவுக்கு அடியில் ஜாக்கியும் அதன்மேல் சாக்கு சுற்றிய கட்டையும் வைத்து, கதவை அதன்மேல் உட்காரவிட்டு, ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

கேள்வி: கூல்டிரிங்க்ஸ் டின்னை வெட்டிப் பின்னைச் சுற்றிப் போட்டால் ஆட்டம் நிற்கும் என்கிறார்களே?

நிற்கும். ஒரு மாதம். டின் தகடு 0.1 மி.மீ. தான், அதுவும் அலுமினியம், பொடிப்பொடியாகிக் கருப்பு மையாக வழியும். நடுவழியில் கதவு சாத்தவில்லை என்றால் ஊர் வந்து சேருவதற்கு நல்ல யோசனை.

கேள்வி: பக்கத்துப் பட்டறையில் லாக் மாட்டுகிற ஸ்டிரைக்கரைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கொடுத்துவிட்டார். ஐந்து நிமிட வேலை, 50 ரூபாய். இப்போது கதவு சாத்துகிறது. இதற்கு எதற்கு இவ்வளவு சுற்று?

கதவு இறங்கிவிட்டது, அதற்கு ஏற்ற மாதிரி ஸ்டிரைக்கரையும் இறக்கியாகிவிட்டது. அடுத்த தீபாவளிக்குள் கதவு இன்னும் இறங்கும், அப்போது ஸ்டிரைக்கரை எங்கே இறக்குவார்? அதற்குள் கதவின் கீழ் விளிம்பு படிக்கட்டில் உரசிப் பெயிண்ட் போய்த் துரு பிடித்திருக்கும், மேலே ரப்பருக்கும் கதவுக்கும் இடையில் விரல் நுழையும். ஸ்டிரைக்கரைத் தொடுவது கடைசி வேலை. கீல் வேலை முடிந்த பிறகு, மார்க்கர் பேனாவால் அதைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டு, ஒரு மி.மீ. ஒரு மி.மீ. ஆக நகர்த்த வேண்டியது. கோடு இருந்தால் தப்பாகிவிட்டாலும் பழைய இடத்துக்கே வரலாம்.

கேள்வி: பின், புஷ் இரண்டும் புதுசு. அப்படியும் கதவின் பின் ஓரம் 4 மி.மீ. இறங்கி நிற்கிறது. எந்தக் கீலுக்கு அடியில் தகடு கொடுக்க வேண்டும்?

எல்லோரும் மேல் கீலுக்குக் கொடுத்துவிட்டு இன்னும் கீழே இறங்கிவிட்டது என்று வருவார்கள். கீழ்க் கீலுக்குத்தான் கொடுக்க வேண்டும். கதவின் கீழ்மூலையைப் பில்லரிலிருந்து பின்னால் தள்ளினால், மேல் கீலை மையமாக வைத்துக் கதவு திரும்பும், பின் ஓரம் எழும்பும். இரண்டு கீலுக்கும் இடைவெளி 40 செ.மீ., கதவின் அகலம் 80 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், 1 மி.மீ. தகடு கொடுத்தால் பின் ஓரம் 2 மி.மீ. எழும்பும். உங்கள் 4 மி.மீ.க்கு 2 மி.மீ. போதும். தகட்டை U மாதிரி வெட்டிக்கொண்டால் போல்டை முழுக்கக் கழற்றாமல் லூசாக்கிச் செருகிவிடலாம். காயலான் கடையில் கிடக்கும் பழைய தகரமே போதும், அலுமினியம் வேண்டாம், நசுங்கும்.

கீல் பில்லரின் பின்பக்க முகத்தில் போல்டால் மாட்டியிருந்தால்தான் இந்தக் கணக்கு. வெல்டிங் செய்த கீல் என்றால் தகடு செருக வழியே இல்லை.

கேள்வி: லோடு இருக்கும்போது சத்தமில்லை. காலியாகத் திரும்பும்போது கதவு கடகடவென்று அடித்துக்கொண்டே வருகிறது. ஹாரன் தவிர எல்லாம் சத்தம் போடும் வண்டி என்று கிளீனர் கிண்டல் செய்கிறான்.

காலி வண்டியில் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் விறைத்துக்கொண்டு நிற்கும், ரோட்டின் ஒவ்வொரு அடியும் நேரே கேபினுக்கு வரும். அதனால் சத்தத்தைத் தேட காலி வண்டிதான் சரி. வேறொருவரை ஓட்டச் சொல்லி நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். கதவை முழங்கையால் வெளியே தள்ளுங்கள். சத்தம் நின்றால் லாக்கும் ஸ்டிரைக்கரும். கண்ணாடியை உள்ளங்கையால் அழுத்தும்போது நின்றால் கண்ணாடி ஏறி இறங்குகிற சேனல். இரண்டுக்கும் நிற்காமல் டின்னுக்குள் கல் போட்ட மாதிரி வந்தால் கதவுக்கு உள்ளே ஏதோ இருக்கிறது.

இந்த மூன்றாவதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. போன மாதம் ஒரு பிக்கப் வந்தது. லாக்கை மாற்றி, ரப்பரை மாற்றி, இரண்டு இடத்தில் காசு கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். உள் அட்டையைக் கழற்றினால், உள் கைப்பிடியிலிருந்து லாக்குக்குப் போகும் கம்பி தகட்டில் அடித்து அடித்து அந்த இடம் மட்டும் வெள்ளி மாதிரி பளபளக்கிறது. கம்பியைப் பிடிக்கிற பிளாஸ்டிக் கிளிப் உடைந்து கதவின் அடியில் கிடக்கிறது, கூடவே ஒரு ஸ்குரூ, ஒரு 2 ரூபாய்க் காசு. பழைய சைக்கிள் டியூப்பை ஒரு சாண் வெட்டி, நீளவாக்கில் கீறிக் கம்பியில் சுற்றி, இரண்டு பக்கமும் கட்டினேன். சத்தம் போய்விட்டது. காசை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

அட்டையைக் கழற்றியது கழற்றியாச்சு, கதவின் வெளித் தகட்டை உள்ளிருந்து விரலால் தட்டிப் பாருங்கள். தகர டப்பா மாதிரி ஒலித்தால், பழைய லாரி டியூப்பை இரண்டு கை அகலத்துக்கு வெட்டி, தகட்டைத் துடைத்துவிட்டு, ஃபெவிகால் எஸ்.ஆர். மாதிரி ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவு காய்ந்ததும் அழுத்துங்கள். தடார் என்று சாத்தின கதவு தொப் என்று சாத்தும். கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும், அதை மட்டும் அடைத்துவிடாதீர்கள். ஏற்கனவே மண் அடைத்திருந்தால் கம்பியால் குத்திவிடுங்கள். பழைய கதவுகள் அடியில் அழுகுவதற்கு முக்கியக் காரணமே அந்த ஓட்டை அடைபடுவதுதான்.

கேள்வி: கீலுக்குக் கழிவு ஆயில் ஊற்றலாமா?

ஊற்றினால் அன்றைக்கு நன்றாக இருக்கும். ரோட்டுப் புழுதி ஆயிலோடு சேர்ந்தால் அது வால்வு தேய்க்கிற பேஸ்ட் மாதிரிதான், கீலை அரைத்துவிடும். கெட்டி கிரீஸைக் கொஞ்சமாக வைத்து, வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிடுங்கள். கதவு ரப்பரில் கிரீஸோ டீசலோ படவே கூடாது, உப்பிப்போகும்.

கேள்வி: ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? மழையில் காலில் தண்ணீர் சொட்டுகிறது.

10 ரூபாய் நோட்டை ரப்பருக்கும் கதவுக்கும் இடையில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். பிடித்துப் பிடித்து வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வருகிற இடத்தில் சாக்பீஸால் குறி போடுங்கள், அங்கேதான் தண்ணீர். ரப்பரை மாற்றாமல், அந்த இடத்தில் ரப்பரின் அடியில் சைக்கிள் டியூப் கீற்று ஒன்றைக் கொடுத்து உயர்த்தினாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும். சுற்றிலும் வழுக்கினால் ரப்பர் செத்துவிட்டது.

கேள்வி: பழைய கட்டு கேபின், உள்ளே மரச் சட்டம். கீல் ஸ்குரூ எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காமல் சுற்றுகிறது.

பெரிய ஸ்குரூ போட்டுப் பார்த்திருப்பீர்களே? எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். சட்டத்தை ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மரம் கெட்டியாக இருந்தால் ஓட்டையில் பசை தடவிய மரமுளை அடித்து, ஒரு நாள் காயவிட்டு, புதுசாக ஓட்டை போடலாம். ஆனால் என்னைக் கேட்டால் ஸ்குரூவே வேண்டாம், சட்டத்தை முழுக்கத் துளைத்து போல்ட் போட்டு, உள்பக்கம் 3 மி.மீ. தகட்டுத் துண்டு ஒன்றை அணைகொடுத்து நட்டு இறுக்குங்கள். குத்தும்போது மரம் பஞ்சு மாதிரி போனால் ஆசாரியைக் கூப்பிடுங்கள், சட்டத்தையே மாற்ற வேண்டும்.

கேள்வி: பில்லர் தகட்டில் விரிசல். நானே வெல்டிங் வைத்துக்கொள்ளலாமா? மெஷின் இருக்கிறது.

விரிசலின் மேலேயே வெல்டிங் இழுத்தால் அது பக்கத்தில் போய் மறுபடி விரியும். விரிசல் முடிகிற நுனியில் 3 மி.மீ. ஓட்டை போட்டு நிறுத்தி, அப்புறம் வெல்டிங் வைத்து, மேலே ஒரு தகட்டை அணையாகப் போட வேண்டும். தகடு மெல்லியது, சாதா ராடு வெல்டிங்கில் ஓட்டை விழும், சி.ஓ.2 வெல்டிங்தான் (கார்பன் டை ஆக்சைடு வாயு ஊதிக்கொண்டே மெல்லிய கம்பியால் வைப்பது) சரி. பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், சீட்டையும் ரப்பரையும் எடுங்கள், பக்கத்தில் ஈரச் சாக்கும் ஒரு வாளித் தண்ணீரும் இருக்கட்டும். பழக்கம் இல்லையென்றால் வேண்டாம் தம்பி, இந்த ஒன்றுக்கு மட்டும் பட்டறைக்குப் போங்கள்.

கேள்வி: லாக் சரியாகப் பிடிப்பதில்லை, அதனால் உள்ளே வீட்டுக் கதவுக்குப் போடும் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். செலவே இல்லை.

இன்றைக்கே கழற்றுங்கள். வண்டி கவிழ்ந்தால் உங்களை வெளியே எடுக்க வருகிறவனுக்குத் தாழ்ப்பாள் இருப்பது தெரியாது. லாக்கில் இரண்டு கடி உண்டு, கதவைத் திறந்து வைத்து ஸ்குரூடிரைவரால் லாக்கின் நாக்கை அழுத்தினால் டக், டக் என்று இரண்டு முறை கேட்க வேண்டும். ஒன்றுதான் கேட்டால் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, ஸ்பிரிங் இருக்கிறதா என்று பாருங்கள், முக்கால்வாசி அழுக்குதான். கழுவியும் இரண்டாவது கடி வரவில்லையென்றால் லாக்கை மாற்றுங்கள், பழைய சாமான் கடையில் கிடைக்கும்.

கேள்வி: 4 மி.மீ. இறக்கம் கேட்டவன்தான் அண்ணே. கீழ்க் கீலுக்கு 2 மி.மீ. கொடுத்தேன், எழும்பிவிட்டது. இப்போது பின் ஓரத்தின் கீழ்மூலை பின் பில்லரில் லேசாக உரசுகிறது.

கீழ்மூலையைப் பின்னால் தள்ளினோம் இல்லையா, அந்த 2 மி.மீ. தான் அங்கே போய் இடிக்கிறது. மேல் கீலுக்கு அடியில் கம்பெனியோ முந்தைய டிங்கரோ ஏற்கனவே தகடு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் அதில் 1 மி.மீ. எடுத்துவிட்டு, கீழேயும் 1 மி.மீ. எடுத்துவிடுங்கள், கதவின் உயரம் மாறாது, மொத்தக் கதவும் முன்னால் வந்துவிடும். மேலே தகடு இல்லையென்றால் கீழே அரை மி.மீ. மட்டும் குறைத்து, மிச்சம் 1 மி.மீ. இறக்கத்துக்கு இப்போது ஸ்டிரைக்கரைத் தொடலாம். மார்க்கர் கோடு போட்டுவிட்டுத்தான்.