கேள்வி பதில்: பழைய கன்சோலில் தோடி

கேள்வி: நின்டெண்டோவின் பழைய ஃபேமிகாம் கன்சோல் காலத்து விளையாட்டு ஒன்றில் பின்னணி இசையை எடுத்துவிட்டு, நானே அமைத்த தோடி ராக மெட்டைப் போட்டேன். ஸ்வரங்கள் சரியாகத்தான் ஒலிக்கின்றன, ஆனால் தோடியாகவே இல்லை. ரோமில் (விளையாட்டின் நிரல் கோப்பில்) இன்னும் எதை மாற்ற வேண்டும்?
– கல்லூரி மாணவி, கே.ஆர். புரம்

பதில்: இந்த வாரம் வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையதுதான். அல்சூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அம்மா வீணை சொல்லிக்கொடுப்பார். உள்ளறையில் நான் கேம் கன்சோலோடு உட்கார்ந்திருப்பேன். இரண்டு சத்தத்தையும் சேர்த்தே கேட்டு வளர்ந்தவன் என்பதால் உங்கள் ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது.

அசையாத காந்தாரத்தை வைத்துக்கொண்டு தோடி பாட முடியாது. மோகனம் என்றால் ஓரளவு தப்பித்திருப்பீர்கள். அந்த விளையாட்டில் இசையை ஓட்டும் நிரலான இசை எஞ்சினுக்கு நின்ற ஸ்வரம் மட்டும்தான் தெரியும். நீங்கள் எழுதிய எண்ணை அட்டவணையில் பார்த்து, அதற்குரிய மதிப்பை ஒலிப் பகுதிக்கு அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடும். எனவே எஞ்சினுக்கே கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பிடிப்பது, கற்றுக்கொடுக்க வேண்டும்.

முதலில் எஞ்சின் எங்கே இருக்கிறது என்று பிடியுங்கள். மெசென் எமுலேட்டரின் (கன்சோலைக் கணினியில் போலச்செய்யும் மென்பொருளின்) டீபகரில், ஒலிப் பகுதியின் ஹெக்ஸ் முகவரிகளான 4000 முதல் 4013 வரை எழுதும்போது நிரல் நிற்கும்படி பிரேக்பாயிண்ட் வைத்தால் அது தானாக அகப்படும். பெரும்பாலும் நொடிக்கு 60 முறை, ஃபிரேமுக்கு ஒருமுறை அழைக்கப்படும் நிரல்துண்டு அது. அந்த 60 வாய்ப்புகள்தான் உங்கள் கமகத்துக்குக் கிடைக்கும் இடம்.

இப்போது கணக்கு. சதுர அலைச் சேனலின் மதிப்பு, பிராசசரின் வேகமான 17,89,773-ஐ ஸ்வரத்தின் அதிர்வெண்ணைப் போல் 16 மடங்கால் வகுத்து, ஒன்றைக் கழித்தால் வரும். 523 ஹெர்ட்ஸை ஸட்ஜமாக வைத்தால் ஸ 213, ரி 201, க 179, ம 159. எண் குறையக் குறைய ஸ்வரம் ஏறும், அதை மறந்துவிடாதீர்கள். காந்தாரம் வரும்போது 179-ஐ அனுப்பிவிட்டு நிற்காமல், ஃபிரேமுக்கு ஃபிரேம் ரிஷபத்தின் பக்கத்திலிருந்து மத்யமத்தைத் தொட்டுத் திரும்பும் ஒரு சிறு அட்டவணையை எஞ்சின் படிக்க வேண்டும். 179-உடன் கூட்டவோ கழிக்கவோ வேண்டிய பத்துப் பன்னிரண்டு எண்கள் போதும். அம்மா பிடித்த காந்தாரத்தை நினைத்துக்கொண்டு நான் மேலே ஏறும் எண்களை நெருக்கமாகவும் இறங்குவதை விரைவாகவும் வைப்பேன். நீங்கள் உங்கள் குருவின் பாணியைக் கேட்டு வையுங்கள். இதே அட்டவணையைத் தாரஸ்தாயிக்கு (மேல் ஸ்தாயிக்கு) பயன்படுத்தாதீர்கள். அங்கே மதிப்புகள் பாதியாகிவிடுவதால் அசைவு இருமடங்கு அகலமாகிவிடும்.

அப்புறம் ஒரு 'டிக்' சத்தம் கேட்கும். 255-ஐத் தாண்டும் மதிப்பு ஒரு பைட்டில் அடங்காததால் மதிப்பு கீழ்ப்பகுதி, மேல்பகுதி என இரண்டாக எழுதப்படுகிறது; மேல்பகுதியை 4003-இலோ 4007-இலோ எழுதும் ஒவ்வொரு முறையும் அலை முதலிலிருந்து தொடங்குவதுதான் காரணம். மேல்பகுதி மாறாதபோது அதை எழுதவே எழுதாதீர்கள், கீழ்ப்பகுதியை மட்டும் மாற்றுங்கள். 255-க்குள் இருக்கும் ஸ்வரங்களுக்கு, அதாவது ஏறத்தாழ 437 ஹெர்ட்ஸுக்கு மேல், இதுவே போதும். மந்தர (கீழ் ஸ்தாயி) பஞ்சமத்துக்கு இறங்கினால் 284 ஆகிவிடுகிறது. இறங்கும் ஜாருவில் (வழுக்கிச் செல்லும் கமகத்தில்) அந்த எல்லையைக் கடந்தே ஆகவேண்டும் என்றால், மெட்டை முக்கோண அலைச் சேனலுக்கு மாற்றுங்கள். அதற்கு இந்தத் தொல்லை இல்லை. ஒலியளவைக் கூட்டிக் குறைக்க வழியில்லாதது அதன் குறை. அதே மதிப்புக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் என்பதால் எண்களைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். என் காதுக்கு அதன் நாதம் புல்லாங்குழலுக்கு நெருக்கம், தோடிக்கு நன்றாகவே பொருந்துகிறது.

புதிய நிரலை வைக்க, எஞ்சின் இருக்கும் அதே பேங்கில் (ரோமின் பகுதியில்) எஃப்எஃப் என்ற பைட்டே வரிசையாக நிரம்பிய காலி இடம் இருக்கிறதா பாருங்கள். வேறு பேங்கில் வைத்தால் அழைக்கும் நேரத்தில் அது பிராசசரின் கண்ணுக்கே தெரியாமல் போகலாம்.

கேள்வி: எமுலேட்டரில் கேட்கும் பாட்டு, எங்கள் வீட்டிலுள்ள பழைய குளோன் (நகல்) கன்சோலில் மெதுவாக ஓடுகிறது, ஒலியும் வேறாக இருக்கிறது. பழுதா?
– வாசகர், ஜாலஹள்ளி

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. நம் ஊர் பால் (PAL) முறைத் தொலைக்காட்சிக்காகச் செய்த குளோன்கள் நொடிக்கு 50 ஃபிரேம் ஓடுகின்றன, அதனால் பாட்டின் வேகம் ஆறில் ஐந்து பங்காகிறது. இவற்றில் பலவற்றின் பிராசசர் 1.77 மெகாஹெர்ட்ஸ் என்பதால் சுருதி மட்டும் அவ்வளவாக இறங்காது. பல குளோன்களில் சதுர அலையின் 25 சதவீத, 50 சதவீத வடிவங்கள் இடம் மாறியிருக்கும், நாதம் வேறுபடுவது அதனால்தான். ரோமைத் திருத்தத் தெரிந்தால், ஐந்து ஃபிரேமுக்கு ஒருமுறை இசை எஞ்சினை இரண்டு தடவை அழையுங்கள், வேகம் சரியாகிவிடும். கே.ஆர். புரம் மாணவி கவனிக்க: உங்கள் காந்தாரமும் இந்தக் கன்சோலில் மெதுவாகத்தான் அசையும்.

கேள்வி: மாற்றிய விளையாட்டை நண்பர்களுக்குக் கொடுக்கலாமா?
– வாசகர், சிவாஜிநகர்

பதில்: முழு ரோமைக் கொடுக்காதீர்கள், அதன் உரிமை வேறொருவருடையது. நீங்கள் மாற்றிய பைட்டுகளை மட்டும் ஐபிஎஸ் பேட்ச் கோப்பாக எடுத்துக் கொடுங்கள். எந்தப் பதிப்பின் மேல் அதைப் போட வேண்டும் என்பதையும் எழுதிவையுங்கள்.