35 இஞ்ச் டயருக்குப் பிறகு மைலேஜ் குறைந்தது பற்றி

நண்பரே, விற்பனை ஸ்டிக்கரில் கேலனுக்கு 20 மைல் போட்டிருந்த உங்கள் 2021 ஃபோர்டு எஃப்-150 பிக்கப் (3.5 லிட்டர் எக்கோபூஸ்ட் இன்ஜின், ஃபோர்வீல் டிரைவ்) 35 இஞ்ச் டயர் மாட்டியதிலிருந்து 14 தான் தருகிறது, இன்ஜினில் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். இன்ஜினை இப்போதைக்கு விடுங்கள், முதலில் கணக்கைப் பார்ப்போம்.

பழைய டயர் சுமார் 32 இஞ்ச் என்றால், இப்போது ஒரு சுற்றுக்கு வண்டி ஏறக்குறைய 9 சதவீதம் கூடுதலாக நகர்கிறது. ஓடோமீட்டருக்கு அது தெரியாது. 100 மைல் காட்டினால் நிஜத்தில் 109. ஆக உங்கள் 14 உண்மையில் 15-க்கு மேல். வேகமும் அப்படித்தான்: மீட்டர் 70 காட்டும்போது 76-இல் போகிறீர்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால் அதிலேயே 18 சதவீதம் கூடிவிடுகிறது. பிக்கப்பின் அகன்ற முகப்புக்கு இது பெரிய செலவு.

நெடுஞ்சாலை மைல் பலகைகளை வைத்து 20 மைலை ஓடோமீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் டயர் அளவை வண்டியின் கம்ப்யூட்டரில் மாற்றச் சொல்லுங்கள். டயரின் கூடுதல் எடையால் வந்த இழப்பு மட்டும் திரும்பாது. நிஜமான 65-இல் இரண்டு மூன்று டேங்க் ஓட்டி, மைலைப் பம்பில் போட்ட கேலனால் வகுத்துச் சொல்லுங்கள், பார்க்கலாம்.