கழுத்துக் குழாய் எடுத்த பிறகு மூச்சு இரைக்கிறதே, ஏன்?

கேள்வி: நிமோனியா முற்றி அப்பா ஐசியூவில் இருந்தார். 12 நாள் வாய்வழிக் குழாய். அப்புறம் படுக்கையிலேயே கழுத்தில் துளை போட்டு ட்ரக்கியாஸ்டமி வைத்தார்கள். அதை எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. இப்போது மாடி ஏறினால் இரைக்கிறது, இன்ஹேலர் கேட்கவில்லை. ‘தியேட்டரில் வைத்து ஆபரேஷனாகச் செய்திருந்தால் இது வந்திருக்காது’ என்கிறார் சித்தப்பா. உண்மையா?

பதில்: சித்தப்பா சொல்வது அவ்வளவு சரியில்லை. ஆனால் இந்த மூச்சிரைப்பை லேசாக விடாதீர்கள். குழாய் எடுத்தவருக்குப் புதிதாக இரைப்பு வந்தால், மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இன்ஹேலர் நுரையீரலின் சிறு கிளைகளைத் தளர்த்தும். கழுத்துக்குள் இறுகிய தழும்பை ஒன்றும் செய்யாது. இதை ஆஸ்துமா என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து எடுப்பவர்கள் உண்டு.

படுக்கையருகே செய்வது, ஊசி குத்தி, கம்பி விட்டு, அதன்மேல் விரிப்பானை ஏற்றித் துளையை அகலமாக்கும் முறை. 1985-இல் சியாக்லியா என்ற மருத்துவர் விவரித்தது. புண்ணில் சீழ் பிடிப்பது குறைவு, வெளித்தழும்பும் சிறிது. ஆனால் விரிப்பானை அழுத்தும்போது மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு வளையம் உடைந்து உள்பக்கம் மடங்கலாம். அப்படியானால் துளைக்குச் சற்று மேலே சுருக்கம் விழும். திறந்த அறுவையிலோ வளையத்தை அதிகம் வெட்டிவிட்டால் பக்கச் சுவர்கள் உள்வாங்கும். ஸ்கோப்பில் (உள்ளே விட்டுப் பார்க்கும் கேமராக் குழாய்) பார்த்தால் வட்டமாக இருக்க வேண்டிய குழாய் கூரை போல முக்கோணமாகத் தெரியும். ஆக, சிக்கல் இரண்டிலும் உண்டு. நீண்டகாலச் சுருக்கத்தில் ஒன்றைவிட மற்றொன்று தெளிவாக மோசம் என்று ஆய்வுகள் காட்டவில்லை.

முறையைவிட நான் அதிகம் சந்தேகப்படுவது, குழாயைச் சுற்றி மூச்சுக்குழாய்க்குள் ஊதி வைக்கும் பலூனைத்தான். அதன் அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீரளவுக்குள் (அழுத்தத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் உள்சவ்வுக்கு ரத்தம் சரியாகப் போகாது. புண்ணாகி, ஆறி, தழும்பாக இறுகும். உங்கள் அப்பாவுக்கு அந்த 12 நாள் வாய்வழிக் குழாயே காரணமாக இருக்கலாம்.

காது மூக்கு தொண்டை மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ இந்த வாரமே பாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு கொண்டுபோங்கள். எந்தக் குழாய் எத்தனை நாள் இருந்தது என்பது மருத்துவருக்கு முக்கியம். மார்பு எக்ஸ்ரே நார்மல் என்றால் திருப்தியடைய வேண்டாம். ஸ்கோப்பும் சி.டி.யும்தான் பேசும். சுருக்கம் மெல்லிய சவ்வாக இருந்தால் பலூனால் விரிக்கலாம், அல்லது லேசரால் வெட்டலாம். திரும்பச் சுருங்கவும் கூடும். வளையமே சரிந்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி, இரு முனைகளையும் இணைப்பார்கள்.

பாதி அடைபட்டாலும் நடக்கும்போதுதான் இரைப்பு தெரியும். உட்கார்ந்தபடியே இரைத்தால், மூச்சை இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தால், அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கழுத்தில் குழாய் இருந்ததை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். அவருக்கு மறுபடி வாய்வழிக் குழாய் போட நேர்ந்தால் சிறிய சைஸ் தேவைப்படலாம்.