ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை: அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் பற்றிக் கேள்வி பதில்

சொந்தமாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் ஆன் ஆகாமல் தவிப்பவர்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். வந்த கேள்விகளில் பாதி "ஆன் ஆகவில்லை, என்ன செய்ய?" என்று ஒரே வரியில் இருந்தன. டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பது மாதிரிதான் இது. கரண்டே வரவில்லையா, கரண்ட் வந்து டிஸ்ப்ளே வரவில்லையா, பயாஸ் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) வரை வந்து விண்டோஸ் வரவில்லையா, வந்தபின் அணைந்துபோகிறதா? எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அது தெரியாமல் பாகங்களை வாங்கி வாங்கி மாற்றினால் காசுதான் கரையும்.

கேள்வி: அக்கா, பட்டனை அழுத்தினால் ஒன்றுமே இல்லை. ஃபேன் இல்லை, லைட் இல்லை, சத்தம் இல்லை. மதர்போர்டு போய்விட்டதா?

அதற்குள் மதர்போர்டுக்குப் பாடை கட்டாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸின், அதாவது கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியின், பின்பக்கம் ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும், அதில் கோடு போட்ட பக்கம் அழுத்தியிருக்கிறதா பாருங்கள். சிரிக்க வேண்டாம், நானே இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன். அடுத்து, அதிலிருந்து மதர்போர்டுக்கு வரும் 24 பின் கேபிள். அது அரைகுறையாக உட்கார்ந்தாலும் பார்வைக்குச் சரியாகத்தான் தெரியும், 'கிளிக்' என்று கொக்கி விழும்வரை அழுத்த வேண்டும்.

அதுவும் சரி என்றால் கேபினட்டின் பவர் பட்டன் மேலேயே சந்தேகப்படுங்கள். மதர்போர்டின் மூலையில் பட்டன் வயர்கள் செருகும் பின்கள் இருக்கும், அவற்றில் பவர் சுவிட்சுக்கான இரண்டு எவை என்று மேனுவலில் படம் போட்டிருப்பார்கள். அந்த வயரை உருவிவிட்டு, இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டு எடுங்கள். ஆன் ஆனால் பட்டன்தான் கோளாறு, அல்லது வயரை வேறு இடத்தில் செருகியிருக்கிறீர்கள். பவர் சுவிட்ச் வயருக்கு பிளஸ் மைனஸ் கிடையாது, எப்படிச் செருகினாலும் வேலை செய்யும். எல்இடி வயர்களுக்குத்தான் திசை உண்டு.

கேள்வி: பேப்பர் கிளிப் வைத்து எஸ்எம்பிஎஸ்ஸை டெஸ்ட் செய்யலாம் என்கிறார்களே, செய்யலாமா?

செய்யலாம், ஆனால் அது சொல்லும் செய்தி ரொம்பச் சின்னது. 24 பின் கேபிளை மதர்போர்டிலிருந்து கழற்றிவிட்டு, பச்சை வயரையும் ஏதாவது ஒரு கறுப்பு வயரையும் கிளிப்பால் இணைத்துவிட்டு, அப்புறம்தான் பின் சுவிட்சைப் போட வேண்டும். இப்போது வரும் பல எஸ்எம்பிஎஸ்களில் எல்லா வயரும் கறுப்பு. அப்படியானால் குத்துமதிப்பாகச் செருகாதீர்கள், எந்த பின் என்று படம் பார்த்து உறுதி செய்யுங்கள். ஃபேன் சுற்றினால் எஸ்எம்பிஎஸ் உயிரோடு இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். பாரம் ஏறும்போது தாங்குமா என்று இது சொல்லாது. இன்னொன்று, எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம்.

கேள்வி: ப்ரோ, ரைசன் 5 5600 பிராசசர், பி450 மதர்போர்டு, புது பில்டு. ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, டிஸ்ப்ளே மட்டும் வரவில்லை. ராம் மாற்றிப் பார்த்தேன், எஸ்எம்பிஎஸ் கூட மாற்றிவிட்டேன்.

ப்ரோ இல்லை, அக்கா. பரவாயில்லை. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும் முன் கேட்டிருக்கலாம்.

முதலில் ஒரு கேள்வி: மானிட்டர் கேபிளை எங்கே செருகியிருக்கிறீர்கள்? 5600இல் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது. மதர்போர்டில் எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கிறதே என்று அதில் செருகினால் ஆயுசுக்கும் கறுப்புத் திரைதான், தனி கிராபிக்ஸ் கார்டில்தான் செருக வேண்டும். இன்டெலில் மாடல் பெயர் எஃப் என்று முடிந்தாலும் இதே கதை.

அடுத்து, மதர்போர்டின் மேல் இடது மூலையில் பிராசசருக்கென்று தனியாக 8 பின் பவர் உண்டு. இதை மறப்பவர்கள் அதிகம், ஏனென்றால் இது இல்லாமலும் ஃபேன் ஜோராகச் சுற்றும். கிராபிக்ஸ் கார்டுக்கான கேபிளிலும் 8 பின்தான், ஆனால் அது 6+2 என்று பிரியும், பிராசசருடையது 4+4 என்று பிரியும். ஒன்றின் இடத்தில் மற்றதை அமுக்கிச் செருகப் பார்க்காதீர்கள், உள்ளே வோல்ட்டேஜ் வரிசை தலைகீழ்.

இரண்டும் சரியாக இருந்தால், உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் பயாஸ் மேல்தான். பி450 போர்டு 2018இல் வந்தது, உங்கள் பிராசசர் 2022இல். பழைய பயாஸோடு அலமாரியில் கிடந்த போர்டு கையில் கிடைத்திருந்தால் அதற்கு இந்த பிராசசர் யாரென்றே தெரியாது. போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் என்று பட்டன் இருந்தால் உங்களுக்கு யோகம். பென்டிரைவை ஃபேட்32ஆக ஃபார்மட் செய்து, உங்கள் மாடலுக்கான பயாஸ் ஃபைலை மேனுவல் சொல்லும் பெயருக்கு மாற்றிப் போட்டு, அதற்கென்று குறித்திருக்கும் யூஎஸ்பி போர்ட்டில் செருகி அந்தப் பட்டனை அழுத்த வேண்டும். லைட் மினுக்குவது நிற்கும்வரை கரண்டைத் தொடாதீர்கள். பட்டன் இல்லையென்றால், அந்தப் போர்டு ஏற்கும் பழைய பிராசசர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கிப் போட்டு அப்டேட் செய்ய வேண்டியதுதான்.

கேள்வி: மேடம், புது ஏஎம்5 (ஏஎம்டி பிராசசருக்கான சாக்கெட்) சிஸ்டம், டிடிஆர்5 ராம் 2 குச்சி. மதர்போர்டில் டிராம் என்று ஒரு மஞ்சள் லைட் எரிந்துகொண்டே இருக்கிறது. 30 நொடி பார்த்து ஆஃப் செய்து ஆன் செய்கிறேன், திரும்பவும் அதே. பத்துப் பதினைந்து முறை ஆகிவிட்டது.

கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். டிடிஆர்5இல் முதல் முறை ஆன் செய்யும்போது, ராமோடு எந்த நேரக் கணக்கில் பேசுவது என்று போர்டு ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கும். மெமரி ட்ரெய்னிங் என்பார்கள். அதற்குச் சில நிமிடங்கள் ஆகும், ராம் அளவு பெரிதாக இருந்தால் இன்னும் கூட ஆகும். அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும், அந்த லைட்டும் எரியும். நீங்கள் 30 நொடிக்கு ஒருமுறை அணைத்து அது படித்ததையெல்லாம் அழித்து, முதல் பாடத்திலிருந்து ஆரம்பிக்க வைத்திருக்கிறீர்கள். ஆன் செய்துவிட்டு 15 நிமிடம் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அதற்கும் வரவில்லை என்றால் ஒரே ஒரு குச்சியை மட்டும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் போடுங்கள். பெரும்பாலான போர்டுகளில் ஒற்றைக் குச்சிக்கு அதுதான் இடம், இரண்டு குச்சி என்றால் இரண்டாவதும் நாலாவதும். முதல் இரண்டில் அடுத்தடுத்துப் போட்டுவிட்டு வரவில்லை என்பவர்கள் நிறையப் பேர். குச்சியை அமுக்கும்போது இரு முனையும் உட்கார்ந்ததா பாருங்கள், சில போர்டுகளில் ஒரு பக்கம்தான் கொக்கி இருக்கும், மறுபக்கம் தூக்கிக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: அக்கா, ஆன் செய்தால் ஃபேன் ஒரு நொடி சுற்றி நின்றுவிடுகிறது. மறுபடி தானாக ஒரு நொடி சுற்றி நிற்கிறது. கேபினட் மாற்றிய பிறகுதான் இப்படி.

கடைசி வரியில் பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். எங்கோ ஷார்ட் ஆகிறது, எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுகிறது. கேபினட் தகட்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையில் பித்தளை நிறத்தில் குட்டித் தண்டுகள் இருக்கும், ஸ்டேண்டாஃப் என்பார்கள். போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு தண்டு நின்றால் அது போர்டின் முதுகில் இருக்கும் ஈய முனைகளைத் தொடும். புதுக் கேபினட்டில் பெரிய போர்டுக்கான தண்டுகளை முன்கூட்டியே போட்டுத்தான் அனுப்புவார்கள், உங்கள் போர்டு சின்னது என்றால் ஒன்றோ இரண்டோ மிச்சம் நிற்கும்.

போர்டைக் கழற்றி வெளியே எடுங்கள். அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வையுங்கள், வெள்ளி நிறக் கவரின் மேல் வேண்டாம். சில கவர்களின் வெளிப்பக்கம் மின்சாரம் கடத்தும். பிராசசர், கூலர், ஒரு ராம், டிஸ்ப்ளேவுக்குத் தேவையென்றால் கிராபிக்ஸ் கார்டு, அவ்வளவுதான். எஸ்எஸ்டி வேண்டாம், யூஎஸ்பி எதுவும் வேண்டாம், கேபினட் வயர் ஒன்றுகூட வேண்டாம். முன்பு சொன்ன இரண்டு பின்களை ஸ்க்ரூ டிரைவரால் தொட்டு ஆன் செய்யுங்கள். வெளியே ஓடி உள்ளே ஓடாவிட்டால் கேபினட்டில்தான் வில்லங்கம்: தண்டு, கீழே விழுந்து மாட்டிக்கொண்ட ஸ்க்ரூ, உள்ளே அமுங்கியே கிடக்கும் ரீசெட் பட்டன், இதில் ஏதோ ஒன்று. வெளியேயும் ஓடாவிட்டால் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்க்கலாம். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சோதனை கிடையாது. கழற்றுவதற்குச் சோம்பல்பட்டுத்தான் எல்லோரும் இதைக் கடைசியில் செய்கிறார்கள், நானும் அப்படித்தான்.

கேள்வி: புது எஸ்எம்பிஎஸ் வாங்கினேன். பழைய எஸ்எம்பிஎஸ் கேபிள்களே அழகாக டிரெஸ்ஸிங் செய்து உள்ளே இருக்கின்றன, பிளக்கும் பொருந்துகிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. மதர்போர்டுப் பக்கம் பின் வரிசை எல்லோருக்கும் ஒன்று, எஸ்எம்பிஎஸ் பக்கம் ஆளாளுக்கு ஒரு வரிசை. ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்ளேயே மாறலாம். ஒருமுறை இதே சோம்பலில் ஹார்டு டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்கும் பழைய சாட்டா கேபிளை விட்டுவைத்தேன். சுவிட்சைப் போட்டதும் 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம், கருகிய வாடை, இரண்டு ஹார்டு டிஸ்க் போயே போச்சு. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போயிருக்கிறது. ஒன்றில் பேக்கப் எடுக்காத குடும்பப் படங்கள். முழுக்க என் தப்பு.

கேள்வி: கோளாறு இருந்தால் பீப் சத்தம் வரும் என்கிறார்கள், எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே?

பல போர்டுகளில் ஸ்பீக்கரே வருவதில்லை. பட்டாணி அளவில் தனியாகக் கிடைக்கும், வாங்கிச் செருகலாம். எத்தனை பீப்புக்கு என்ன அர்த்தம் என்பது பயாஸுக்கு பயாஸ் மாறும், உங்கள் மேனுவலைத்தான் பார்க்க வேண்டும். போர்டில் சிபியு (பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (டிஸ்க்) என்று நாலு குட்டி லைட் இருந்தால் ஸ்பீக்கரை மறந்துவிடுங்கள், எந்த லைட்டில் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல்.

கேள்வி: சிமாஸ் கிளியர் செய்து பயாஸ் அமைப்புகளை அழித்தேன். இப்போது பயாஸ் வருகிறது, விண்டோஸ் வரவில்லை. நீலத் திரையில் இன்னாக்ஸசிபிள் பூட் டிவைஸ் என்கிறது. எஸ்எஸ்டி போய்விட்டதா அக்கா?

பயாஸில் எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறதா? தெரிந்தால் பெரும்பாலும் அது நலமாகத்தான் இருக்கிறது. கிளியர் செய்ததும் எல்லா அமைப்பும் கம்பெனி நிலைக்குப் போய்விடும். விண்டோஸ் போட்டபோது பயாஸில் ஸ்டோரேஜ் மோடு (டிஸ்க்கோடு போர்டு பேசும் முறை) ரெய்டு அல்லது விஎம்டி என்று இருந்து இப்போது ஏஹெச்சிஐ ஆகியிருந்தால், அல்லது தலைகீழாக நடந்திருந்தால், இந்தத் திரைதான் வரும். முன்பு இருந்ததற்கு மாற்றினால் சரியாகிவிடும். விண்டோஸை உடனே அழித்துப் போடக் கிளம்பாதீர்கள். பூட் டிவைஸே இல்லை என்று சொன்னால் அது வேறு விஷயம், பழைய எம்பிஆர் முறையில் பிரித்த டிஸ்க்காக இருந்து, அதிலிருந்து பூட் ஆக உதவும் சிஎஸ்எம் என்ற பயாஸ் அமைப்பு அணைந்திருக்கலாம்.

அப்புறம், இனிமேல் கிளியர் செய்யப்போகிறவர்களுக்கு: டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். கிளியர் செய்த பிறகோ பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகோ அதைக் கேட்கலாம், அப்போது கீ இல்லையென்றால் உள்ளே இருப்பது உங்களுக்குக்கூடக் கிடைக்காது.

கேள்வி: ஒவ்வொரு முறையும் தேதி பழையதாகக் காட்டுகிறது, எஃப்1 அழுத்தச் சொல்கிறது.

சிஆர்2032 பேட்டரி, 3 வோல்ட் நாணய பேட்டரி. மாற்றுங்கள். வேறொன்றும் இல்லை.

கேள்வி: பயாஸ் வரை வந்து ஒன்றிரண்டு நிமிடத்தில் பட்டென்று அணைந்துவிடுகிறது. புது கூலர்.

பிராசசர் சூடாகி அணைகிறது போலிருக்கிறது, கூலரைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், உரிக்காமல் மாட்டியிருப்பீர்கள். துடைத்து, வெப்பம் கடத்தும் பேஸ்ட் புதிதாக வைத்து மாட்டுங்கள். தாள் இல்லையென்றால் ஸ்க்ரூ நான்கும் சமமாக இறங்கியதா, பம்ப் அல்லது ஃபேன் வயர் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். ஏஎம்4 (ஏஎம்டியின் முந்தைய சாக்கெட்) போர்டு வைத்திருப்பவர்கள் கூலரை நேராக இழுக்காதீர்கள், பேஸ்ட் இறுகி பிராசசரையும் சேர்த்துப் பிடுங்கி வந்துவிடும். கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, பிளக்கை எடுத்துவிட்டு, மெல்லத் திருகித் திருகி எடுக்க வேண்டும்.

கேள்வி: சர்வீஸில் கொடுத்தேன், அரை மணியில் போர்டு டெட் என்கிறார்கள். நம்பலாமா?

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேளுங்கள். மதர்போர்டு கெட்டதென்று நேராகச் சொல்வது கடினம். நல்ல ராம், நல்ல பிராசசர், நல்ல எஸ்எம்பிஎஸ் மூன்றையும் அதில் போட்டுப் பார்த்தும் வரவில்லை என்று சொன்னால் நம்பலாம். பார்த்தாலே தெரியும் என்றால் எனக்கு நம்பிக்கை வராது. இன்டெல் போர்டு என்றால் பிராசசரை எடுத்துவிட்டு, சாக்கெட்டை ஃபோனில் பெரிதாக்கிப் படம் எடுத்துப் பாருங்கள். வரிசையாக மின்னும் பின்களில் ஒன்று மட்டும் வேறு பக்கம் மின்னினால் அது வளைந்திருக்கிறது.

கேள்வி: அக்கா, ஒரு நொடி சுற்றி நின்றது என்று கேட்டேனே, நான்தான். ஒரு தண்டு மிச்சமாகத்தான் நின்றது. கழற்றியதும் வந்துவிட்டது! ஆனால் முன்பக்க யூஎஸ்பி இரண்டும் வேலை செய்யவில்லை.

நல்லது. யூஎஸ்பி 3க்கு நீலமாகவோ கறுப்பாகவோ தடித்த பிளக் ஒன்று போர்டில் செருகியிருப்பீர்கள், 19 பின். அவசரத்தில் கோணலாகச் செருகினால் பின் ஒன்று மடங்கிப் படுத்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். மடங்கியிருந்தால் மெல்லிய இடுக்கியால் ஒரே தடவையில் நிமிர்த்துங்கள், முன்னும் பின்னும் ஆட்டினால் ஒடிந்துவிடும்.