அடுத்தவர் கதையில் கல்யாணம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உங்கள் நாவலில் வரும் மெஸ் சமையல்காரர் பாண்டி, பாதிக் கதையில் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விடுகிறார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. ஊருக்குப் போன பிறகு நடப்பதைப் பன்னிரண்டு அத்தியாயமாக எழுதி, அவருக்குக் கல்யாணமும் செய்து வைத்துவிட்டேன். யார் வேண்டுமானாலும் கதை போடும் வாட்பேட் தளத்தில் போடலாம் என்றிருந்தேன். "சொந்தமா ஒரு ஆளை உருவாக்கத் தெரியாதா? இது திருட்டு" என்கிறாள் அறைத்தோழி. ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதுவது தப்பா? கதையை இணைத்திருக்கிறேன்.

ம., திருநெல்வேலி

அன்புள்ள ம.,

திருட்டு என்றால் நானும் பழைய கேடிதான். ஒன்பதாம் வகுப்பில் 'பொன்னியின் செல்வன்' படித்து முடித்த இரவு தூக்கமே வரவில்லை. கடைசியில் மணிமேகலை வந்தியத்தேவன் மடியில் உயிரை விடுகிறாள். போதாததற்கு அந்த அத்தியாயத்துக்கு 'மலர் உதிர்ந்தது' என்று தலைப்பு வேறு. மறுநாள் கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் அவளைப் பிழைக்க வைத்தேன். கடம்பூர் வைத்தியர் ஒருவர் ஏதோ பச்சிலை கொடுப்பார். சரி, பிழைத்துவிட்டாள், அப்புறம்? வந்தியத்தேவனுக்குக் கட்டி வைக்கலாம் என்றால் நடுவில் குந்தவை நிற்கிறாள். மூன்றாம் பக்கத்தோடு கதை நின்றுபோனது. கல்கி ஏன் அவளைச் சாகவிட்டார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் லேசாகப் புரிந்தது. நூறு தடவை படித்திருந்தாலும் புரிந்திருக்காது.

இந்த ஆற்றாமை எனக்கு மட்டும் வந்ததில்லை. 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்த தொடர் அது. முடிந்ததும், அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்கப்போய், முடிவுரையில் கல்கி அதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அப்போதும் யாருக்கும் மனசு ஆறவில்லை. கதையைத் தொடர்ந்து விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். பல வருடம் கழித்து அனுஷா வெங்கடேஷ் 'காவிரி மைந்தன்' எழுதினார். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி தெளிவாகச் சொல்லாமல் விட்டாரே, அந்த இடுக்கு வழியாக இன்றைக்கும் ஆட்கள் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கல்கியும் இப்படி ஒரு இடுக்கில் புகுந்தவர்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்கிறது. ஆளைப் பற்றி அங்கே கிடைப்பது ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தப் பெயருக்கு ஒரு குதிரையைக் கொடுத்து, ஆடி மாதத்தில் வீரநாராயண ஏரிக்கரையில் விட்டார் கல்கி. மூத்த மணிமேகலையைப் பாருங்களேன். சிலப்பதிகாரத்தில் கோவலன், மாதவியின் மகளாக ஓரமாக வருகிறவள், சாத்தனாரிடம் போய் ஒரு காப்பியத்துக்கே நாயகியாகிவிட்டாள்.

உங்கள் தோழி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. பாண்டி மேல் வாசகருக்கு இருக்கும் பிரியம் நான் நானூறு பக்கம் உழைத்துச் சேர்த்தது. நீங்கள் முதல் வரியிலேயே அதை எடுத்துச் செலவு செய்கிறீர்கள். ஆனால் மணப்பெண் என் நாவலில் இல்லையே. அவள் முழுக்க உங்கள் ஆள். பாண்டியை அறியாத ஒருவருக்கும் அவளைப் பிடித்துப்போகிறதா என்று யாரிடமாவது கொடுத்துப் பாருங்கள். தோழியிடமே கொடுக்கலாம்.

சட்டம் வேறு விஷயம். கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமை ஆகிவிட்டன, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். என் நாவல் ஆகவில்லை. எழுதியவர் இறந்து 60 வருடம் வரை உரிமை இருக்கும். நான் இன்னும் இறக்கவே ஆரம்பிக்கவில்லை. அதனால் இங்கேயே எழுத்தில் தந்துவிடுகிறேன்: தாராளமாக வாட்பேடில் போடுங்கள். பாண்டி எந்த நாவலிலிருந்து வந்தவர் என்று மேலே ஒரு வரி இருக்கட்டும். காசுக்கு விற்பதென்றால் மட்டும் முதலில் என்னிடம் கேளுங்கள். பதிப்பாளர் சும்மா இருக்க மாட்டார்.

நீங்கள் அனுப்பிய கோப்பை நான் திறக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டாம் பாகம் எழுதிக்கொண்டிருக்கிறேன், அதில் பாண்டி திரும்பி வருகிறார். இப்போது உங்களுடையதைப் படித்தால், நாளைக்கு எது நான் யோசித்தது, எது உங்களிடம் படித்தது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. புத்தகம் அச்சுக்குப் போன அன்றைக்குப் படிக்கிறேன். அதுவரை, தன் கல்யாணத்துக்குப் பாண்டி யாரைச் சமைக்க விட்டார் என்பதுதான் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கும்.