அண்ணன் கடனும் நைட் டியூட்டியும்: நெட்பால் ஆடும் டாக்டருக்கு ஒரு பதில்

கேள்வி: நான் டாக்டர். தேசிய அணியில் நெட்பால் (கூடைப்பந்து போன்ற ஆட்டம்) ஆடுகிறேன். 2027 சிட்னி உலகக் கோப்பை வரையாவது ஆட ஆசை. பயிற்சிக்காக மருத்துவமனை வேலையை 60 சதவீதமாகக் குறைத்துவிட்டேன். அண்ணன் தொழிலுக்காக என் பெயரில் இரண்டு முறை கடன் வாங்கிக் கொடுத்து, தவணையை நானே கட்டுகிறேன். பற்றாக்குறைக்குக் கூடுதல் நைட் டியூட்டி பார்க்கிறேன். இப்போது மூன்றாவது கடன் கேட்கிறார். முகவரோ டாக்டர்களுக்கென்றே உள்ள முதலீட்டுக் காப்பீட்டில் தொகையைக் கூட்டச் சொல்கிறார். ஆட்டத்தை விட்டுவிடவா?

பதில்: விட வேண்டாம். உங்களுக்குச் சேமிப்புப் பாடம் தேவையில்லை. அண்ணன் எப்போது பணம் கேட்டாலும் இன்னொரு நைட் டியூட்டியைச் சேர்த்துக்கொள்கிறீர்களே, கெடுப்பது அந்தப் பழக்கம்தான்.

நீங்கள் அனுப்பிய கணக்கைத் தோராயமாகப் போடுகிறேன். முழுநேரச் சம்பளம் 100 என்றால், இப்போது வருவது மாதம் 60. கிளப் ஒப்பந்தம் 25, அதுவும் சீசனின் 6 மாதத்துக்கு மட்டும். செலவு: வீட்டுக் கடன் 30, குடும்பச் செலவு 25, அண்ணன் கடன் 24, காப்பீடு 8. ஆக 87. சீசனில் 2 துண்டு விழுகிறது, மற்ற மாதங்களில் 27. ஒரு நைட்டுக்கு 5 என்றால் மாதம் ஐந்தாறு இரவுகள். அந்தப் பணம் ஏறக்குறைய முழுவதும் அண்ணன் தவணைக்கே போகிறது.

நெட்பாலில் பந்தோடு ஓட முடியாது. எகிறிப் பிடித்து, இறங்கிய காலிலேயே சட்டென்று நிற்க வேண்டும். ஓடிவந்த வேகம் முழுவதையும் முழங்கால் வாங்கிக்கொள்கிறது. தூக்கம் கெட்ட உடம்போடு அதைச் செய்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏ.சி.எல். என்னும் முழங்கால் இணைப்பு நார் கிழிந்தால் வழக்கமாகக் குறைந்தது 9 மாதம் ஆட்டம் கிடையாது, முதல் சில வாரம் வார்டுக்கும் போக முடியாது. இங்கிலாந்தின் லெய்லா கஸ்கோத்தும் டாக்டர்தான். 2019 லிவர்பூல் உலகக் கோப்பையில் அவருக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. மீண்டும் வந்து ஆடினார். நீங்களும் வரலாம், ஆனால் தவணை அதுவரை காத்திருக்காது.

மூன்றாவது கடனுக்கு இந்த வாரமே 'முடியாது' என்று சொல்லிவிடுங்கள். மழுப்பினால் அதை நம்பி அவர் அடுத்த செலவில் இறங்கிவிடுவார். பழைய கடன் உங்கள் பெயரில் இருப்பதால் தவணையை நிறுத்த வழியில்லை. பாதி, அதாவது 12, மாதம் பிறந்ததும் உங்கள் கணக்குக்கு வந்துவிட வேண்டும் என்று அண்ணனிடம் எழுதி வாங்குங்கள். மனம் சங்கடப்படும், தெரியும். உங்கள் முழங்காலை அடகு வைத்து நடக்கும் தொழில் அவருக்கும் நல்லதில்லை.

அந்த முதலீட்டுக் காப்பீட்டில் இனி ஒரு காசு கூட்ட வேண்டாம். பாதியில் முடித்து சரண்டர் செய்தால் எவ்வளவு வரும் என்று எழுத்தில் கேட்டு, பெரிய நஷ்டம் இல்லையென்றால் வெளியே வாருங்கள். உங்களுக்குத் தேவை, காயத்தாலோ நோயாலோ வேலை செய்ய முடியாதபோது பணம் தரும் வருமான இழப்புக் காப்பீடு. சம்பளம் வாங்கி ஆடும் விளையாட்டில் படும் காயத்தைப் பல பாலிசிகள் விலக்கிவிடும். அந்தப் பக்கத்தை முதலில் படியுங்கள். ஆடுவதை மறைத்து பாலிசி எடுக்காதீர்கள்.

அண்ணன் தரும் 12-ஐயும் பழைய காப்பீட்டின் 8-ஐயும் கழித்தால், புதிய காப்பீட்டுக் கட்டணம் சேர்க்காமல், செலவு 67. சீசனில் மாதம் 18 மிஞ்சும், 6 மாதத்தில் 108. மற்ற மாதங்களின் பற்றாக்குறை 7 வீதம் 42. நைட் டியூட்டியே இல்லாமல் வருடத்துக்கு 66 கையில் நிற்கும், ஏறக்குறைய ஒரு மாதச் செலவு. அண்ணன் முழுத் தவணையையும் ஏற்றால் கிட்டத்தட்ட நான்கு மாதச் செலவு சேரும்.

அப்புறம், காயம்பட்டால் எத்தனை மாதம் சம்பளம் தருவார்கள் என்று கிளப்பிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.